கன்னியாகுமரி மாவட்டத்தில் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி சேகரிப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தில் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி சேகரிப்பு என்பது நாஞ்சில் நாட்டுச் சமவெளியிலும் அதனை அடுத்துள்ள மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் செதிலிறகிகள் வரிசையைச் சேர்ந்த பூச்சிகளைப் பிடித்தும், ஒளிப்படம் எடுத்தும், எண்ணியும் பதிவு செய்யும் பணியைக் குறிக்கும். இக்கட்டுரை குறிப்பாக மாசி, பங்குனி மாதங்களில் (பெப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை) நடைபெறும் சேகரிப்பைப் பற்றியது. ஐரோப்பிய நூல்கள் வசந்தத்தின் தொடக்கம் என்று கூறும் காலம் இதுவே. தமிழ் மரபில் இம்மாதங்கள் பின்பனிக் காலம் ஆகும். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது.

பருவமும் மழையும்

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் ஆண்டின் முதல் அந்துப்பூச்சிகள் வெளிவருவதைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஆகும். அங்கு மார்ச் மாத இரவுகளில் பூத்த வில்லோ மரக்கிளைகளை விரிப்பின் மேல் உலுக்கிப் பூச்சி சேகரிப்பது பழைய வழக்கம். இரவு குளிர்ந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பூச்சி பறப்பதற்குப் போதிய வெப்பம் உள்ளது. இங்கு குறைவது ஈரம். எனவே சேகரிப்பாளர் பார்க்க வேண்டியது வெப்பமானியை அன்று, மழைமானியையே.

தமிழகத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளிலும் கணிசமான மழை பெறும் பகுதிகளுள் இம்மாவட்டம் ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையில் சனவரி, பெப்ரவரி மாதங்கள் பெரும்பாலும் வறண்டவை. மார்ச் முதல் மே வரை பிற்பகல் இடியுடன் கூடிய கோடை மழை பெய்யும். இம்மழைக்கு நாள் குறிக்க இயலாது. ஓர் ஆண்டு மாசியிலேயே பெய்யும். மற்றோர் ஆண்டு சித்திரை பிறந்த பிறகும் வராது. கீரிப்பாறையில் கொட்டும் மழை ஆரல்வாய்மொழியில் ஒரு துளியும் விழாமல் போவதும் இயல்பே. 2018 மார்ச் மாதத்தில் தென்கிழக்கு அரபிக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மார்ச்சில் இது அரிய நிகழ்வு ஆகும்.

முதல் மழை பெய்ததும் மரங்கள் துளிர்க்கின்றன. பல இனங்களின் கூட்டுப்புழுக்கள் வறட்சியில் உறங்கிக் கிடந்து, ஈரம் கிடைத்த பின்னரே இறகு விரிக்கின்றன. ஆகவே முந்தைய ஆண்டில் ஓர் இனம் கிடைத்த அதே தேதியில் அதே இடத்துக்குச் சென்று அதனைத் தேடுவதில் அதிகப் பயன் இல்லை. மழை பெய்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவதே சரியான முறை.

தேக்கு இலைதின்னி

மழைக்கும் பூச்சிக்கும் உள்ள இத்தொடர்பு தென்னிந்தியாவில் நன்கு ஆராயப்பட்டிருப்பது தேக்கு இலைதின்னி (ஐபிலேயா பியூரா) என்னும் அந்துப்பூச்சியில் ஆகும். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தினர் நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்தனர். பெப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், முதல் கோடை மழையை ஒட்டி, தேக்கு துளிர்க்கும்போது சிறு சிறு திட்டுகளில் இதன் பெருக்கம் தொடங்குகிறது. அங்கு பிறக்கும் அந்துப்பூச்சிகள் கூட்டமாக இடம்பெயர்ந்து அடுத்த தோட்டங்களில் முட்டையிடுகின்றன. ஒரு தலைமுறை சில வாரங்களிலேயே முடிந்துவிடுவதால், மழைக்காலத் தொடக்கத்திற்குள் பல நூறு எக்டேர் தேக்கு இலையின்றி நரம்பு மட்டுமாக நிற்கக்கூடும். முதல் திட்டுகளைக் கண்டறிந்துவிட்டால், இப்புழுவை மட்டும் தாக்கும் நச்சுயிரியைத் தெளித்துப் பரவலைக் குறைக்கலாம் என்பது அந்நிறுவனத்தின் ஆய்வுகளால் தெரிய வந்தது. மாசி, பங்குனியில் விளக்கொளியில் வந்து அமரும் பழுப்பு நிறச் சிறு பூச்சியை நாள் குறித்துப் பதிவு செய்வதன் பயன் இதிலிருந்து விளங்கும்.

வயலிலும் இதே நிலைதான். நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுவடையாவது மாசியை ஒட்டிய காலத்தில். அறுத்த தாளடிகளில் குருத்துப்பூச்சியின் புழுக்கள் தங்கியிருந்து, பின்னர் அந்துப்பூச்சிகளாகி அடுத்த கன்னிப்பூப் பயிரைத் தாக்கக்கூடும். தாளடியை உழுது புதைக்கப் பரிந்துரைப்பது இதனாலேயே. நெல் ஆராய்ச்சியில் விளக்குப்பொறி வைத்து இப்பூச்சிகளை நாள்தோறும் எண்ணுவது நெடுநாளைய வழக்கம் ஆகும். டி.பி.எசு. நெல் இரகங்களை வெளியிட்ட திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் நாகர்கோவிலுக்கு அருகிலேயே உள்ளது.

வரலாறு

1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிப் பகுதியில் இருந்தது. ஆகவே இப்பகுதியின் பழைய பூச்சிப் பதிவுகளைத் திருவிதாங்கூர்ப் பட்டியல்களில்தான் தேட வேண்டும். அவற்றுள் முதன்மையானது, பின்னாளில் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த அரால்டு பெர்குசன் 1891 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்ட திருவிதாங்கூர் வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியல் ஆகும். ஈற்றை மூங்கில் காடுகளில் வாழும் பாரன்டிர்ரோயியா மார்சல்லி என்னும் அரிய வண்ணத்துப்பூச்சியை 1881 இல் உட்-மேசன் விவரித்தார். அதன் ஆங்கிலப் பெயரில் திருவிதாங்கூர் என்ற சொல் இன்றும் உள்ளது. அந்துப்பூச்சிகளுக்கு, நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய சியார்ச்சு ஆம்ப்சன் 1892 முதல் 1896 வரை எழுதிய நான்கு தொகுதிகள் அடிப்படை நூலாக அமைந்தன.

அக்காலத்து மாதிரிகளில் ஒரு பெருங்குறை உண்டு. பலவற்றின் குறிப்புச் சீட்டில் திருவிதாங்கூர் என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கும். அது அசம்பு மலையா, பீர்மேடா, கடற்கரையா என்று அறிய வழியில்லை. நாள் குறிக்கப்படாதவையும் உண்டு. கோடை மழை முன்பு எப்போது வந்தது, பூச்சிகள் எப்போது வெளிவந்தன, இப்போது அது மாறியுள்ளதா என்ற கேள்விகளுக்கு இத்தகைய மாதிரிகள் விடை தருவதில்லை. இறகின் நிறம் மட்டும் நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

பகல் நேரச் சேகரிப்பு

தோவாளை வட்டத்தின் முட்புதர்க் காடுகள், மருந்துவாழ்மலை, காளிகேசம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை ஆகிய இடங்கள் சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வறண்ட காட்டிலிருந்து ஈரமான மலைக்காடு வரை இவ்வளவு குறுகிய தொலைவில் அமைந்திருப்பது தமிழகத்தில் பல மாவட்டங்களுக்கு வாய்க்காத ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும். முப்பந்தல் காற்றாலைகள் அங்கு நிறுவப்பட்டதும் அதனால்தான். அக்காற்று தொடங்கும் முன்னரே கணவாய்ப் பகுதியில் பணியை முடித்துக்கொள்வது நல்லது.

மாசி மாத வறட்சியில் கருநீல வரியன், வெண்புள்ளி கருப்பன் முதலியவை மலையடிவார ஓடைப் பள்ளத்தாக்குகளில் கூட்டமாகத் தங்கும். கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் உள்ள காரப்பொருளை உறிஞ்ச அவை திரண்டு வரும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் இவற்றில் பல கிழக்குச் சமவெளிக்கு வலசை போய், அக்டோபர், நவம்பரில் மலைக்குத் திரும்புகின்றன. தமிழக அரசு 2019 சூன் மாதத்தில் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் மலைக்காட்டு இனமாகும். இதன் புழு மரோட்டி மர இலைகளை உண்கிறது.

நிலையற்ற வானிலை அடையாளம் காண்பதிலும் குழப்பம் விளைவிக்கும். சில இனங்களுக்கு வறண்ட பருவ வடிவம், மழைப் பருவ வடிவம் என இரண்டு தோற்றங்கள் உள்ளன. வறண்ட பருவத்தில் இறகின் அடிப்பக்கம் சருகு போலவும், மழைப் பருவத்தில் கண் போன்ற புள்ளிகளுடனும் இருக்கும். மயில் வசீகரனின் இவ்விரு வடிவங்களையும் லின்னேயசு 1758 இல் இரு வேறு இனங்களாகப் பெயரிட்டார். இத்தகைய வேறுபாடு பருவத்தால் உண்டாவது என்பதை வேறு சில வண்ணத்துப்பூச்சிகளைக் கல்கத்தாவில் புழுவிலிருந்து வளர்த்துக் காட்டி லயனல் டி நிசேவில் 1880களில் மெய்ப்பித்தார். பங்குனியில் முன்கூட்டியே மழை பெய்த ஆண்டில் இரு வடிவங்களும் ஒரே நாளில், ஒரே புதரில் காணப்படலாம்.

இரவு நேரச் சேகரிப்பு

வெள்ளைத் துணியை நிமிர்த்திக் கட்டி, அதன் முன் பாதரச ஆவி விளக்கையோ புற ஊதா விளக்கையோ எரியவிடுவர். நிலவில்லாத, காற்றில்லாத, புழுக்கமான மேகமூட்ட இரவு மிகச் சிறந்தது. பிற்பகலில் மழை பெய்து ஓய்ந்த இரவில் துணி நிறையும். வறண்ட மாசி இரவில் நிலவும் சேர்ந்துவிட்டால் ஈசல்கூட வராது. முன்னிரவில் வருபவையும் நள்ளிரவுக்குப் பின் வருபவையும் வெவ்வேறு இனங்கள் என்பதால், ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு எழுதும் பட்டியல் அரைகுறையானது. அரளியை உண்டு வளரும் பருந்து அந்துப்பூச்சி ஊர்த் தெரு விளக்குகளிலேயே கிடைக்கும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய அட்டாக்கசு தப்ரோபானிசு என்னும் பேரந்துப்பூச்சிக்கு மலையடிவாரம் செல்ல வேண்டும்.

இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,300 மட்டுமே. அந்துப்பூச்சிகளோ 10,000க்கும் மேற்பட்டவை. அவற்றில் பலவற்றை ஒளிப்படத்தைக் கொண்டு இனம் பிரிக்க இயலாது. உடலின் உள்ளுறுப்புகளை உருப்பெருக்கியில் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒளிப்படம் பெரும்பாலும் போதும் என்பதால், அவற்றை ஊசியில் குத்திச் சேர்ப்பதற்கு மாணவர்களுக்கு இன்று தக்க காரணம் இல்லை.

பதப்படுத்தலும் குறிப்புச் சீட்டும்

பிடித்த பூச்சியை முக்கோணமாக மடித்த தாளுறையில் இட்டு உலர்த்துவர். கடற்காற்றும் மழை ஈரமும் சேர்ந்து இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். எறும்பு அதற்கும் முன்னர் வந்துவிடும். காற்றுப்புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளும் தேவை.

சீட்டில் ஊர், உயரம், அமைவிட ஆள்கூறு, நாள், நேரம், சேகரித்தவர் பெயர் ஆகியன எழுதப்படும். இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை கடைசியாக மழை பெய்த நாளையும் சேர்த்து எழுதுவது மிகவும் பயனுள்ளது. ஒளிப்படத்துக்கும் இதே விதி பொருந்தும்.

சட்ட நிலை

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் அட்டவணைகளில் பல வண்ணத்துப்பூச்சிகள் இடம்பெற்றுள்ளன. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்டதால், பழைய நூல்களில் உள்ள பட்டியலை நம்பக்கூடாது. கன்னியாகுமரி காட்டுயிர் சரணாலயத்தின் எல்லைக்குள் அட்டவணையில் இல்லாத பூச்சியைப் பிடிப்பதற்கும் வனத்துறையின் எழுத்து வழி அனுமதி தேவை. அறிவியல் ஆய்வு, கல்வி ஆகியவற்றுக்கு இவ்வனுமதி வழங்கச் சட்டத்தில் இடம் உண்டு. வெளிநாட்டவர் உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002 இன்படி சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதலும் பெற வேண்டும். 2008 இல் மேற்கு வங்காளத்தின் சிங்கலிலா தேசியப் பூங்காப் பகுதியில் அனுமதியின்றிப் பூச்சி சேகரித்ததற்காகச் செக் நாட்டவர் இருவர் கைது செய்யப்பட்டு வழக்கை எதிர்கொண்டனர்.

சரணாலயத்துக்கு வெளியே, வீட்டுத் தோட்டத்திலும் வயலோரத்திலும் பூச்சிகளை எண்ணவும் படம் எடுக்கவும் இத்தகைய அனுமதி தேவையில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில் கிடைக்கும் எலுமிச்சை அழகியின் புழுவை வளர்த்து, அது கூட்டிலிருந்து வெளிவந்த நாளையும் அதற்கு முன் மழை பெய்த நாளையும் குறித்து வைப்பது பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய பணியாகும்.