தூங்குறவரோட மூச்சுக்கு யார் அளவு எடுக்கிறது? சிபாப் அழுத்தத்தின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு எண்ணைப் பத்தி.

தூக்கத்துல மூச்சு அடைபடுற பிரச்சினை, அதாவது ஸ்லீப் ஆப்னியா இருக்குறவங்க ராத்திரி மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்குறதை நீங்க பாத்திருக்கலாம். கட்டில் பக்கத்துல ஒரு சின்ன மெஷின், அதுல இருந்து மாஸ்க்குக்கு ஒரு குழாய். அந்த மெஷினோட பேரு சிபாப். அது மருந்து தர்றதில்ல, ஆக்சிஜனும் தர்றதில்ல. ரூம்ல இருக்குற அதே காத்தைக் கொஞ்சம் அழுத்தத்தோட மூக்குக்குள்ள தள்ளுது, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தம்ங்கறதுதான் நம்ம எண். ஒருத்தருக்கு 7 இருக்கும், இன்னொருத்தருக்கு 13 இருக்கும். இந்த எண்ணை முடிவு பண்றது யாரு? டாக்டரா, டெக்னீஷியனா, சாஃப்ட்வேரா, இல்ல மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்குறவரா? நாப்பது வருஷத்துல இந்தக் கேள்விக்குப் பதில் பல தடவை மாறியிருக்கு.

முதல்ல நோயைப் பாத்துடலாம். குறட்டை விடுறவரைப் பாத்து "கும்பகர்ணன் மாதிரி தூங்குறார்"னு நம்ம வீடுகள்ல சொல்லுவாங்க. நிஜத்துல அவர் சரியா தூங்காதவரா இருக்கலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளருது. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில மூச்சுக்குழாயோட மேல்பகுதி ஒட்டிக்கிட்டு அடைச்சிடுது. மூச்சு நிக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் குறையும், மூளை பதறிப்போய் ஒரு நொடி எழுப்பிவிடும். தீவிரமான நோய்ல இது மணிக்கு 30 தடவைக்கு மேல நடக்குது. காலைல அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. பகல்ல வண்டி ஓட்டும்போது கண்ணை இழுக்கும்.

1970கள்ல தீவிரமான நோயாளிகளுக்கு டாக்டர்கள் தந்த நிச்சயமான வழி டிரக்கியாஸ்டமி. கழுத்துல ஓட்டை போட்டு, அடைபடுற இடத்துக்குக் கீழ இருந்தே மூச்சு விட வைக்கிறது. பலன் உண்டு. ஆனா ஆயுசு முழுக்கக் கழுத்துல ஒரு ஓட்டையோட வாழணும்.

ஆஸ்திரேலியாவுல சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலின் சல்லிவன் ஒரு சுவாச மருத்துவ ஆராய்ச்சியாளர். அதுக்கு முன்னாடி கனடாவுல டொரான்டோவுல எலியட் பிலிப்சனோட சேர்ந்து, தூங்குற நாய்களோட சுவாசத்தை ஆராய்ஞ்சவர். நாயோட மூக்குல காத்துக் கசியாம மாஸ்க் பொருத்துற வித்தை அவருக்கு அங்கயே பழகியிருந்தது. 1980 ஜூன்ல ஒரு நோயாளி அவர்கிட்ட வந்தார். டிரக்கியாஸ்டமிக்கு அவர் சம்மதிக்கல, ஆனா ஒரு ராத்திரி சோதனைக்குச் சம்மதிச்சார். வேக்வம் கிளீனர் மாதிரி ஒரு ஊதுகாற்று மோட்டார், மூக்குக்கு ஒரு மாஸ்க், நடுவுல குழாய். இதுதான் முதல் சிபாப்.

யோசனை ரொம்ப எளிமையானது. குழாய் உள்பக்கமா ஒட்டிக்குதுன்னா, உள்ள இருந்து காத்தாலயே தாங்கிப் பிடிச்சா ஒட்டாது. 1981 ஏப்ரல்ல 'லான்செட்' இதழ்ல அந்தக் கட்டுரை வந்தது. நோயாளிகள் மொத்தம் ஐந்தே பேர். தேவைப்பட்ட அழுத்தம் 4.5ல இருந்து 10 செ.மீ. நீர் வரைக்கும். இந்த அலகு பயமுறுத்த வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர்ல ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு விட்டு, குமிழி வர்ற மாதிரி ஊதுங்க. அதுதான் 10. வளிமண்டல அழுத்தத்துல கிட்டத்தட்ட நூத்துல ஒரு பங்கு. கழுத்தை அறுக்க வேண்டிய நோயை அவ்வளவு சின்ன அழுத்தம் அடக்கிடுச்சு.

ஒரு சாஃப்ட்வேர்காரனா எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் இதுதான். அழுத்தத்தைக் குறைச்சா அடைப்பு திரும்ப வந்தது, ஏத்தினா போச்சு. சுவிட்சு போட்டு அணைக்கிற மாதிரி. எங்க பாஷைல சொன்னா, ரீட் ஆக்சஸும் ரைட் ஆக்சஸும் ஒரே ஆள்கிட்ட இருந்தது. மூச்சைப் படிக்கிறவரும் அவர்தான், எண்ணை மாத்துறவரும் அவர்தான், நோயாளியும் கண்ணு முன்னாடி. மெஷின் வீட்டுக்குப் போனப்பதான் இது ரெண்டா உடைஞ்சது.

ஆரம்ப வருஷங்கள்ல வீட்டுக்குப் போனவங்க பட்ட பாடு சாதாரணம் இல்ல. ஒவ்வொருத்தர் மூக்குக்கும் அச்சு எடுத்து ஃபைபர்கிளாஸ்ல மாஸ்க் செஞ்சாங்க. ராத்திரி சிலிகோன் பசை போட்டு மூக்குல ஒட்டணும், காலைல பிச்சு எடுக்கணும். மோட்டார் சத்தம் வேற. அப்படியும் ஜனங்க போட்டுக்கிட்டாங்கன்னா, பகல்ல முழிச்சிருக்கிறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு புரிஞ்சுக்கலாம். 1980கள் நடுவுல இருந்து கடைகளுக்கு மெஷின் வர ஆரம்பிச்சது. அமெரிக்காவுல ரெஸ்பிரானிக்ஸ் 1985ல கொண்டுவந்தது. சல்லிவனோட கண்டுபிடிப்பை வச்சு 1989ல சிட்னில உருவான கம்பெனிதான் இன்னைக்கு ரெஸ்மெட்.

எண்ணை எப்படி முடிவு பண்ணாங்க? லேபுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கணும். தலையில, நெஞ்சுல, விரல்ல வயர்கள். பக்கத்து ரூம்ல டெக்னீஷியன் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் திரையைப் பாத்துட்டு உக்காந்திருப்பார். இதுக்குப் பேரு டைட்ரேஷன். அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2008ல எழுதிவச்ச வழிமுறை ஏறக்குறைய ஒரு லூப் மாதிரியே இருக்கும்: 4ல ஆரம்பி, அடைப்பு தொடர்ந்தா குறைஞ்சது 1 ஏத்து, ஒவ்வொரு படிக்கும் நடுவுல 5 நிமிஷமாவது விடு, பெரியவங்களுக்கு 20ஐத் தாண்டாதே.

நல்ல முறைதான். ஆனா சாம்பிள் ஒரே ஒரு ராத்திரி. புது இடம், புதுக் கட்டில், உடம்பெல்லாம் வயர். மல்லாந்து படுத்தா அடைப்பு கூடும், ஒருக்களிச்சா குறையும். சளி பிடிச்சா ஒரு மாதிரி, குடிச்சிருந்தா வேற மாதிரி, அஞ்சு கிலோ எடை ஏறினா இன்னொரு மாதிரி. அன்னைக்கு ராத்திரி கிடைச்ச எண்ணை மெஷினுக்குள்ள போட்டு, மெனுவைப் பூட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க. தீபாவளிக்கு எடுத்த அளவுலயே வருஷா வருஷம் சட்டை தைக்கிற மாதிரி.

1993 வாக்குல இதுக்கு ரெண்டு பதில் வந்தது. ரெண்டுமே பொறியாளர் புத்திக்கு உடனே பிடிக்கும்.

முதல் பதில் ஒரு ஃபார்முலா. டொரான்டோவுல ஹாஃப்ஸ்டைன் குழு உருவாக்குனது. உடல் எடைக் குறியீட்டை 0.16ஆல பெருக்கு; கழுத்துச் சுற்றளவைச் செ.மீ.ல எடுத்து 0.13ஆல பெருக்கு, மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைபடுதோ அதை 0.04ஆல பெருக்கு; மூணையும் கூட்டி 5.12 கழி. எடைக் குறியீடு 35, கழுத்து 44 செ.மீ., அடைப்பு மணிக்கு 40ன்னா விடை 7.8. ரெடிமேட் சட்டை மாதிரி: பலருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும், சிலருக்குத் தோள்ல இடிக்கும்.

ரெண்டாவது பதில், மெஷினே அளவெடுக்கட்டும்ங்கறது. 1981 லான்செட் கட்டுரையில சல்லிவனோட பேர் போட்டிருந்த மைக்கேல் பெர்தான்-ஜோன்ஸ், 1993ல தானே அழுத்தத்தை மாத்திக்கிற மெஷினைப் பத்தி எழுதினார். அதுதான் ஆட்டோசெட். மூச்சோட வேகத்தை வரைபடமா போட்டா, உள்மூச்சு வழக்கமா ஒரு வட்டமான மேடு மாதிரி இருக்கும். குழாய் குறுக ஆரம்பிச்சா மேட்டோட தலை தட்டையாயிடும். முழு அடைப்பு வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தட்டையைப் பாத்து அழுத்தத்தை ஏத்தலாம்.

இதுல ஒரு கண்ணி இருந்தது. மூச்சு நிக்கிறதெல்லாம் அடைப்பு இல்ல. சில நேரம் குழாய் திறந்தே இருக்கும், மூளைதான் மூச்சு விடச் சொல்லி சிக்னல் அனுப்பாது. இது சென்ட்ரல் ஆப்னியா. அப்போ அழுத்தத்தை ஏத்தினா பலன் இல்ல. சிலருக்கு அது கூடவும் செய்யும். அதனால ஆட்டோசெட்டோட ஒரு பழைய விதி: 10க்கு மேல போயாச்சுன்னா, மூச்சு நின்னுச்சுங்கற ஒரே காரணத்துக்காக மேல ஏத்தாதே. தனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத கோடு அது. எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஃபார்முலாவும் மெஷினும் வந்தாச்சு. மிச்சம் இருந்தது நோயாளி. 2003ல கனடாவுல கிங்ஸ்டன் நகர ஆய்வாளர்கள் அந்தக் கேள்வியையும் கேட்டாங்க: நோயாளியே வீட்ல தன் அழுத்தத்தை ஏத்தி இறக்கி அமைச்சுக்க முடியுமா? சிபாப் போட்டே பழகாத 18 பேரை வச்சுப் பாத்தாங்க. லேப் எண்ணும் சொந்தமா அமைச்சுக்கிட்ட எண்ணும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தது. அடுத்த வருஷம் ஸ்பெயின்ல 360 பேரை மூணு பிரிவா பிரிச்சுப் பாத்தாங்க: லேப், ஆட்டோ மெஷின், ஃபார்முலாவுல ஆரம்பிச்சு வீட்ல திருத்திக்கிறது. 12 வாரத்துக்கு அப்புறம் மூணுலயும் முன்னேற்றம் ஒரே மாதிரி.

அப்போ கதை முடிஞ்சதா? இல்ல. ரைட் ஆக்சஸைப் பத்திப் பேசிட்டோம், ரீட் ஆக்சஸ் யார்கிட்ட இருந்தது? மெஷினுக்குள்ள மெமரி கார்டு வந்தது, அப்புறம் மோடம் வந்தது. ஒவ்வொரு மூச்சும் பதிவாகுது. அமெரிக்காவோட மெடிகேர் காப்பீடு அந்தப் பதிவை வச்சு ஒரு விதி வச்சது. முதல் மூணு மாசத்துல, தொடர்ச்சியான ஏதோ ஒரு 30 நாள்ல 70 சதவீத ராத்திரிகளாவது, ராத்திரிக்கு 4 மணி நேரமாவது போட்டிருக்கணும். இல்லன்னா மெஷினுக்குப் பணம் நிக்கும். ஆக, நோயாளி மாஸ்க் போட்டாரான்னு காப்பீட்டுக்குத் தெரியும். அந்த எண் தனக்குப் பொருந்துதான்னு நோயாளிக்குத் தெரியாது. ரெஸ்மெட்டோட மைஏர் ஆப் தர்ற மார்க்கைப் பாருங்க. நூத்துக்கு 70 மார்க் எத்தனை மணி நேரம் போட்டீங்கங்கறதுக்கு, 20 மாஸ்க் கசிவுக்கு. மூச்சு எத்தனை தடவை தடைபட்டதுங்கறதுக்கு வெறும் 5.

கம்பெனிகள் கார்டுல இருக்குற ஃபைல் ஃபார்மேட்டை வெளியிடல. ஆஸ்திரேலியாவுல ஒரு புரோகிராமர் உக்காந்து அதைப் பிரிச்சு மேஞ்சு, ஸ்லீப்பிஹெட்ங்கற மென்பொருளை எழுதி ஓப்பன் சோர்ஸா இலவசமா கொடுத்தார். 2019ல அவர் நிறுத்தினப்போ, தன்னார்வலர்கள் அதே கோடை எடுத்து ஆஸ்கர்ங்கற பேர்ல தொடர்ந்தாங்க. ராத்திரி எந்த நிமிஷத்துல கசிவு, எந்த நிமிஷத்துல அடைப்பு, அப்போ அழுத்தம் எவ்வளவு, எல்லாமே திரையில. பல ஆட்டோ மெஷின்கள் பெட்டியில இருந்து வரும்போதே 4ல இருந்து 20 வரைக்கும்னு அகலமா வச்சிருக்கும். 4ல பலருக்கு மூச்சு முட்டும், மாஸ்க்கைக் கழட்டி வீசிடுவாங்க. தன்னோட வரைபடத்தைப் பாக்குறவர், "எனக்கு பெரும்பாலும் 9ல நிக்குது, ஆரம்பத்தை 7ஆ வைக்கலாமா?"ன்னு டாக்டர்கிட்ட கேட்க முடியும். சிகிச்சை நிலைக்கிறதும் மெஷின் அலமாரிக்குப் போறதும் சில நேரம் அந்த ஒரு கேள்வியிலதான் இருக்கு.

"அப்போ நானே மாத்திக்கிறேன்"னு கிளம்புறதுக்கு முன்னாடி, 2015ல வந்த செர்வ்-ஹெச்எஃப் ஆய்வைக் கேளுங்க. இதயத்தோட பம்ப் பண்ற திறன் குறைஞ்சவங்க, கூடவே சென்ட்ரல் ஆப்னியா. மொத்தம் 1,325 பேர். அதுல ஒரு பாதிப் பேருக்கு ஏஎஸ்வி மெஷின் கொடுத்தாங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தத்தை மாத்திக்கிற, சிபாப் குடும்பத்துலயே ரொம்பப் புத்திசாலியான மெஷின். ஒரு வருஷத்துல மூச்சுத் தடை மணிக்கு 6.6க்கு இறங்கிடுச்சு. டாஷ்போர்டு பச்சையா இருக்கு. ஆனா இதய நோயால இறக்குற அபாயம், மெஷின் இல்லாத பிரிவை விட 34 சதவீதம் கூடியிருந்தது. எண் சரியாச்சு, ஆள் சரியாகல. அந்த வகை நோயாளிகளுக்கு ஏஎஸ்வி வேண்டாம்னு உடனே எச்சரிக்கை போனது.

கிங்ஸ்டன் ஆய்வையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சாதாரண அடைப்பு மட்டும் இருக்குறவர் தன் எண்ணைக் கண்டுபிடிக்கிறதுல திறமையானவர்தான், அதுக்கு ஆதாரம் இருக்கு. இதயமோ நுரையீரலோ பலவீனமா இருந்தா, வரைபடத்துல தெரியாத ஒண்ணு உள்ள ஓடிட்டிருக்கலாம். அதைப் பாக்க டாக்டர் வேணும்.

1980ல சிட்னில நல்லா வேலை செஞ்சதுக்குக் காரணம் மோட்டார் மட்டும் இல்ல. தூங்குறவரும் பாக்குறவரும் ஒரே ரூம்ல இருந்தாங்க. இப்போ அந்த ரூம் கிடையாது, ஆனா அதே வரைபடத்தை ரெண்டு பேரும் பாக்குறதுக்கு எந்தத் தடையும் இல்ல. உங்க வீட்ல யாராவது சிபாப் போடுறாங்கன்னா, அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த மெமரி கார்டையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. "எத்தனை மணி நேரம் போட்டேன்"ங்கறதோட நிறுத்தாம, "இந்த எண் எனக்கு எப்படி வந்தது, இப்பவும் அது சரியா?"ன்னு கேக்கச் சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். நல்லா தூங்குங்க.