நூற்பட்டியில் அகப்படாத கட்டுரைகள்

மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூற்றொகுதி அரசாங்கத்தின் கொடையால் மட்டும் அமைந்ததன்று. அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிவந்த 1950களில், இந்திய ஆய்வியல் துறையைத் தொடங்குவது பற்றிக் கருத்துரைக்கப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அழைக்கப்பெற்றார். அவரோ வடமொழிக்கே முதன்மை தருமாறு பரிந்துரைத்தார். தமிழர் கொதித்தெழுந்தனர். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' எனும் நிதியைத் திரட்டலானார். தோட்டப்புறத் தொழிலாளர் உள்ளிட்ட எளிய மக்கள் தந்த சிறு தொகைகள் தமிழ் நூல்கள் வாங்கத் துணைநின்றன. 1956இல் துறை தோன்றியது. தமிழ் அதில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. பின்னர் அது கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது.

இத்துணைப் பாடுபட்டுப் பெற்ற நூலகத்தில் நம்மவர் தேடுவது பெரும்பாலும் நூல்களையே. நூற்பட்டியில் ஆசிரியர் பெயரோ நூற்பெயரோ காணாவிடின், "செய்தி இல்லை" என்று திரும்பிவிடுவர். ஆயின் வரலாற்றின் புதிய உண்மைகள் முதலில் வெளிவருவது ஆய்விதழ்க் கட்டுரைகளில் அன்றோ? இதழின் பெயரைக் காட்டும் பழைய அட்டைப் பேழை, அவ்விதழினுள் அடங்கிய கட்டுரைகளைக் காட்டாது. அதற்கு வேறு திறவுகோல் வேண்டும்.

1961 முதல் அத்துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகளார் இக்குறையை நன்குணர்ந்தவர். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய அதே ஆண்டில், தமிழாய்வுக்கு உதவும் நூல்களின் வழிகாட்டி ஒன்றையும் அவர் வெளியிட்டார். எனினும் அது நூல்களுக்கே உரியது. கட்டுரைகளுக்கான திறவுகோல் வேறிடத்திலிருந்து வந்தது. அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழ்களுக்கு, 1878 முதல் 1963 வரையிலான கட்டுரைகளைத் தொகுத்து 'இண்டெக்ஸ் மலேசியானா' என்ற அடைவு 1970இல் வெளிவந்தது. லிம் ஹக் டீ, விஜயசூரியா ஆகிய இருவரின் உழைப்பு அது. நூலகருக்கு நாம் நன்றி சொல்வது அரிது. இவ்விருவருக்கும் சொல்லியே ஆகவேண்டும்.

தென்தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டை எண்ணிப் பாருங்கள். மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவையும் ஒரு குளத்தையும் அது குறிப்பிடுகின்றது. அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 1949இல் மலாயாக் கிளை இதழில் வெளியாயிற்று. எழுதியவர் யார்? அதே நீலகண்ட சாஸ்திரியார்! அவருடைய பரிந்துரையை எதிர்த்தது முறையே. அதற்காக அவர் கட்டுரையைப் படியாதிருப்பது நமக்கே இழப்பு.

1966ஆம் ஆண்டு மாநாட்டின் ஆய்வுத் தொகுதியிலும் இத்தகைய கட்டுரைகள் உள. நீரிணைக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்ட தமிழ்க் கைதிகளையும் பிற இந்தியக் கைதிகளையும் பற்றிக் கெர்னியல் சிங் சந்து எழுதிய கட்டுரை அவற்றுள் ஒன்று. மாசாய்க்குத் தெற்கே, நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் நிற்கும் புனித ஆந்திரேயர் பேராலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. இச்செய்தியை நம் மாணவருள் எத்தனைபேர் அறிவர்? ஜொகூரில் வெளிவரும் பள்ளி மலர்களிலும் ஆலய மலர்களிலும் ஒரே செய்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்த்தெழுதப்படுவதைக் காண்கையில் மனம் நோகின்றது. "முன்னோர் சஞ்சிக்கூலியாக வந்தனர்" என்ற ஒரு வரியோடு நம் வரலாறு முடிந்துவிடுகின்றது. எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் துறைமுகம் வழியாக என்று வினவுவாரில்லை.

மாசாயில் இருப்பவருக்குக் கோலாலம்பூர் தொலைவுதான். இன்றோ மலாயாக் கிளை இதழின் பழைய கட்டுரைகளை 'ஜேஸ்டோர்' என்னும் இணையக் களஞ்சியத்தில் காணலாம். கல்லூரியில் பயிலும் பிள்ளை வீட்டில் இருப்பின், அக்கல்லூரி நூலகத்தின் வழியாக அதனைத் திறக்க இயலுமா என்று கேட்கச் சொல்லலாம். ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் அடிக்குறிப்புகளைப் படித்தல் வேண்டும். அவை அடுத்த கட்டுரைக்கு வழிகாட்டும். 'தமிழ் முரசின்' பழைய இதழ்களையும் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்துள்ளது. 'தமிழ் எங்கள் உயிர்' நிதியின் கதையை அறிய விரும்புவோர், அவ்விதழ்களை நாள்வாரியாகப் புரட்டத் தொடங்கலாம்.