தட்டோரத்து வாழைப்பழம்

நைரோபியின் ஈஸ்ட்லி பகுதியில், துணிக்கடைகளின் நெரிசலுக்கிடையே குறுகிய மாடிப்படி ஒன்றில் ஏறினால் அந்தச் சோமாலி உணவகத்தை அடையலாம். வாசலருகே கைகழுவும் தொட்டி, நீளமேசைகள், ஓயாது பேசும் தொலைக்காட்சி. அலங்காரம் என்று வேறெதுவும் இல்லை. அமர்ந்ததும், கேட்காமலே ஆளுக்கொரு கிண்ணம் இறைச்சிச் சாறு வந்தது. அடுத்து, பெரிய தட்டில் ‘பரீஸ்’ எனப்படும் மணமிக்க நெய்ச்சோறு, அதன்மேல் குழைய வெந்த ஆட்டிறைச்சி, ‘பிஸ்பாஸ்’ என்னும் மிளகாய்த் துவையல். தட்டின் ஓரத்தில், உரிக்காத ஒரு வாழைப்பழம்.

எங்களில் ஒருவர் பழத்தை எடுத்துத் தனியே வைத்தார். இலையோரத்துப் பழத்தை இறுதியில் உண்பதல்லவா நம் வழக்கம்! பரிமாறியவர் சிரித்துக்கொண்டே, பழத்தைக் கிள்ளிச் சோற்றோடும் இறைச்சியோடும் சேர்த்து உண்ணுமாறு சைகை காட்டினார். அவ்வாறே செய்து பார்த்தோம். மிளகாயின் காரம் அடங்கி, இறைச்சியின் சுவை மேலெழுந்தது. விலை மிகக் குறைவு; வயிறு நிறைந்தது. ஆனால் அந்தப் பழம் மட்டும் ஒரு கேள்வியாக மனதில் தங்கிவிட்டது.

சோமாலியர் தட்டில் வாழைப்பழம் ஏன் என்று கேட்டால், இத்தாலியர் கொண்டுவந்தது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. 1920இல் இத்தாலிய இளவரசரான அப்ருசிக் கோமகன், ஷபெல்லே ஆற்றங்கரையில், இன்று ஜோஹர் எனப்படும் இடத்தில் ஒரு வேளாண் குடியிருப்பை நிறுவினார். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஜனாலேயைச் சுற்றியும் இத்தாலியருக்கு நிலங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1935இல் வாழைப்பழ வணிகத்துக்கென இத்தாலிய அரசு ஒரு முற்றுரிமை நிறுவனத்தையே தொடங்கியது. தோட்டங்களில் உழைத்தோர் ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்து வலுக்கட்டாயமாக இழுத்துவரப்பட்டவர்கள். அவர்களில் பலர், முன்பு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்கள் விளைவித்த பழம் கப்பலேறி இத்தாலிய மேசைகளுக்குப் போயிற்று.

பக்கத்து மேசையில் ஒருவர் ‘பாஸ்தோ’ உண்டுகொண்டிருந்தார். அது இத்தாலியரின் ஸ்பகெட்டியேதான், ஐயமில்லை. அதன்மேல் ஊற்றும் ‘சூகோ’ குழம்பின் பெயரும் இத்தாலிய மொழியிலிருந்து வந்ததே. ஆனால் அதில் சேர்வதோ சீரகம், மல்லி, ஏலம் முதலியவை கலந்த ‘ஹவாஷ்’ பொடி. உண்பவரும் முள்கரண்டியை நாடாமல் விரல்களால் லாகவமாகச் சுருட்டி, இடையிடையே வாழைப்பழத்தையும் கடித்துக்கொள்கிறார். ஆண்டவர்களின் உணவை ஆளப்பட்டவர்கள் தம் கைப்பழக்கத்துக்கு வளைத்துக்கொண்ட கதை இது.

வாழையின் கதையோ வேறு. 1331இல் மொகதிஷு வந்த இபின் பதூதா, தாம் உண்ட விருந்தை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார். நெய்யில் சமைத்த சோறு, அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறிக் கறிகள். ஒரு கலத்தில் பாலில் வெந்த வாழைக்காய். இன்னொன்றில் தயிர், அதனோடு எலுமிச்சை ஊறுகாய், உப்பிலிட்ட மிளகுக்கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். வந்தவரை வரவேற்க வெற்றிலையும் பாக்கும்! சில ஆண்டுகள் கழித்து மதுரைச் சுல்தானின் அவைக்கும் வந்தவர் இவர். அவர் காட்டும் மொகதிஷுப் பந்தி நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆக, இத்தாலியத் தோட்டங்களுக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பே அங்கே சோற்றுக்குத் துணையாக வாழை இருந்திருக்கிறது. நெய்ச்சோற்றின் வேர் இன்னும் ஆழமானது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், மேற்கிந்தியாவின் பருகச்சத் துறையிலிருந்து இன்றைய சோமாலியக் கரைக்குச் சென்ற பொருள்களைப் பட்டியலிடுகிறது. அரிசியும் நெய்யும் அதில் இருக்கின்றன.

இத்தாலியர் தந்தது வாழையை அன்று. வாழைத் தோட்டத்தையும் அதன் கொடுமையையும்தான். ஆனால் பழத்துக்கான புகழும் அவர்கள் கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆட்சியாளர்களிடம் பதிவேடுகள் இருந்தன. சோமாலி மொழிக்கோ அதிகாரபூர்வ எழுத்துமுறை 1972இல்தான் வாய்த்தது. எழுதியவன் பெயரில் வரலாறு பதிவாகிவிடுகிறது. சமைத்தவள் பெயரில் அல்ல.

1991 ஜனவரியில் சியாத் பாரேயின் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த பலர் ஈஸ்ட்லியில் தஞ்சம் புகுந்தனர். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இந்தியர் பெருமளவில் வாழ்ந்த பகுதி அது. சோமாலியர் சிலரும் அப்போதே அங்கிருந்தனர். பிற்பாடு வந்தோர் வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தார்கள். சோற்றோடு வாழைப்பழம் வைக்கும் பழக்கத்தை விட்டு வரவில்லை.

பணம் கொடுத்துவிட்டு எழுந்தபோது, தனியே வைத்த அந்தப் பழத்தை நண்பர் எப்போதோ சோற்றோடு உண்டு முடித்திருந்தார். மேசையில் தோல் மட்டுமே கிடந்தது.