கரையைக் காத்த நிழற்படங்கள்

கடல் வற்றிய வேளையில் கரையோரம் நடக்கும்போது, சேற்றையும் மணலையும் தவிர வேறொன்றும் நம் கண்ணில் படுவதில்லை. அவ்வாறு பலரும் கவனியாதிருந்த ஒரு கரை, 2001ஆம் ஆண்டில் மண்ணுக்கடியில் மறைய இருந்தது. அது தப்பிய வரலாற்றை இன்று காண்போம்.

சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையில் உள்ளது புலாவ் உபின் தீவு. அதன் கிழக்கு முனையே செக் ஜாவா. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதைவு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறு வகை வாழிடங்கள், ஏறத்தாழ 100 ஹெக்டர் பரப்பில் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. அக்கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி 2001 இறுதியில் தொடங்குவதாக இருந்தது.

செய்தியறிந்த இயற்கை ஆர்வலர்கள், நீர் வற்றும் நேரம் பார்த்துக் கரையில் இறங்கினர். பல்கலைக்கழக அரும்பொருளக ஆய்வாளர்களும் தொண்டர்களும் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்தனர். பல் மருத்துவரான சுவா ஈ கியாம் போன்றோர் நட்சத்திர மீன்களையும் கடல் சாமந்திகளையும் படம்பிடித்தனர். அவருடைய படங்கள் 2002இல் நூலாகவும் வந்தன. செய்தி பரவியதும் மக்கள் திரளாகச் சென்று பார்த்தனர்; அரசுக்கு வேண்டுகோள்களும் சென்றன. 2001 டிசம்பரில் அப்பணி ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் மக்கள் நடந்து பார்ப்பதற்கு மரப்பாதையும் திறக்கப்பட்டது.

இச்சிற்றுயிர்களால் என்ன பயன் என்று நாம் கேட்கலாம். கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருளை உண்டு, மணலைத் தூய்மையாக வெளியேற்றுகிறது. நண்டு தோண்டும் வளைவழியே சேற்றுக்குள் காற்றும் நீரும் புகுகின்றன. கடற்புல்லிடையே மீன் குஞ்சுகளும் இறால்களும் வளர்கின்றன. இவை அழிந்தால், நம் உணவுத் தட்டுக்கு வரும் மீனும் குறையும்.

2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பெருமழையால் ஜொகூர் ஆற்று வெள்ளம் கடலில் கலந்து உப்புத்தன்மை குறைந்தது. செக் ஜாவாவில் ஏராளமான உயிர்கள் மடிந்தன. எவை மடிந்தன, எவை மீண்டும் வந்தன என்பதை அறிய முன்னைய பதிவுகளே உதவின. பெயரும் படமும் இல்லாத உயிர் அழிந்தால், அழிந்ததென்று சொல்லவும் ஆளிராது.

ஆகவே, கரையில் படம் எடுக்கும்போது இடத்தையும் நாளையும் குறித்துவைப்போம். புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே வைப்போம். அதனடியிலும் ஒரு குடும்பம் வாழ்கிறது.