அந்தரத்தில் ஒரு கதவு

ரோமில் மூன்று நாள் சுற்றியதில் எடுத்த படங்கள் நானூறைத் தாண்டும். அவற்றில் நான் அடிக்கடி திறந்து பார்ப்பது ஒரு பச்சைக் கதவின் படத்தைத்தான். ரோமன் ஃபோரத்தில், பழங்கோயில் ஒன்றின் தூண்களுக்குப் பின்னால், கோயில் தளத்திலிருந்து சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் அந்தக் கதவு இருக்கிறது. ஏறிப்போகப் படி கிடையாது. திறந்து வெளியே கால் வைத்தால் நேராகக் கீழேதான்!

ஃபோரம் என்பது பழைய ரோமின் நடு மையம். இன்று பெரும்பாலும் உடைந்த தூண்களும் செங்கல் மேடுகளும்தான். கூட வந்த நண்பர் காலையிலிருந்தே கடுப்பில் இருந்தார். "கிறிஸ்தவம் வந்துச்சு, எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டாங்க, அவ்வளவுதான் சார் வரலாறு" என்றார். நானும் தலையாட்டினேன். முழுப் பொய்யும் இல்லை. இங்கிருந்த பளிங்கைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்பியபோது இங்கிருந்து கல் போயிருக்கிறது.

அப்புறம்தான் இந்தக் கதவு கண்ணில் பட்டது.

கோயில், பேரரசர் அன்டோனினஸ் பயஸ் மறைந்த தன் மனைவி ஃபாஸ்டினாவுக்காக கி.பி. 141 வாக்கில் கட்டத் தொடங்கியது. 161-இல் அவரும் போய்ச்சேர, அவர் பெயரையும் முகப்புக் கல்வெட்டில் மேல் வரியாகச் சேர்த்துவிட்டார்கள். பின்னாளில் அதன் கர்ப்பக்கிருகத்துக்குள்ளேயே ஒரு சர்ச் உருவானது. பெயர் சான் லொரென்சோ இன் மிராண்டா. இதற்கிடையில் ஃபோரம் மண்மூடி, மாடு மேயும் நிலமாகிவிட்டது (பெயரே 'மாட்டு வெளி' என்றாகிவிட்டது). 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்ச்சைப் புதுப்பித்துக் கட்டியவர்கள் அன்றைய தரைமட்டத்துக்குச் சரியாகத்தான் கதவு வைத்தார்கள். பிறகு அகழாய்வில் மண்ணை வாரியதும் கதவு மேலேயே தங்கிவிட்டது.

தூண்களின் உச்சியில் சாய்வாகச் சில வெட்டுத்தடங்கள் உண்டு. கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த தழும்பு என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். ஆக, இடிக்கப் பார்த்ததும் சுவர் எழுப்பிக் காத்ததும் ஒரே இடத்தில்! நண்பரிடம் காட்டினேன். "ம்" என்றார்.

அங்கிருந்து இருபது நிமிட நடையில் பாந்தியன். ஹாட்ரியன் காலத்தது. 43 மீட்டர் அகலக் கூரை, நடுவில் வானம் பார்த்த வட்டத் திறப்பு. 609-இல் ஃபோகாஸ் பேரரசர் கொடுக்க, போப் நான்காம் போனிஃபேஸ் இதை மாதா கோயிலாக்கினார். பூசை நடக்கும் இடமாகிவிட்டதால் பெயர்த்தெடுத்துப் போகாமல் விட்டார்கள். ஆனாலும் முழுசாகத் தப்பவில்லை. 663-இல் கூரையின் வெண்கல ஓடுகளைக் கழற்றிப் போனவர் கிறிஸ்தவப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ். 1620-களில் முன்மண்டப வெண்கலத்தை உருக்கிப் பீரங்கி வார்த்தவர் போப் எட்டாம் அர்பனேதான். நண்பர் கணக்கில் இன்னும் இரண்டு புள்ளிகள் :-)

மாலையில் கொலோசியம். 1349 நிலநடுக்கத்தில் விழுந்த பகுதியிலிருந்து நூற்றாண்டுக்கணக்கில் கல் எடுத்தார்கள். 1749-இல் போப் பதினான்காம் பெனடிக்ட், இங்கே இரத்தம் சிந்திய கிறிஸ்தவர்களின் நினைவாக இது புனித இடம் என்று அறிவித்து அந்தக் கொள்ளையை நிறுத்தினார். சிக்கல் என்னவென்றால், கிறிஸ்தவர்கள் இந்த அரங்கத்துக்குள்ளேயே கொல்லப்பட்டதற்கு உறுதியான சான்று மிகக் குறைவு. எதற்கும் ஆதாரம் கேட்கும் ஆள் நான். ஆதாரம் தேறாத ஒரு நம்பிக்கை காப்பாற்றிக் கொடுத்த சுவருக்குக் கீழே நின்றுகொண்டு என்னத்தைக் கேட்பது?

உள்ளே ஒரு சிலுவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நண்பர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கதவுப் படத்தை எனக்கும் அனுப்புங்க" என்றார்.