முதல் துப்பாக்கி எது? பலூன் கடையிலிருந்து ரைபிள் ரேஞ்ச் வரை

பொள்ளாச்சி மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கோ, ஆனைமலை மாசாணியம்மன் குண்டம் திருவிழாவுக்கோ போனவர்கள் எல்லோரும் அந்தக் கடையைப் பார்த்திருப்பார்கள். ஒரு பலகை, அதில் வரிசையாக பலூன்கள், முன்னால் ஒரு மேசை, மேசை மேல் இரண்டு ஏர் கன். "வாங்க தம்பி, அஞ்சு குண்டு போட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் கூப்பிடுவார். கொங்கு நாட்டில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்ட துப்பாக்கி அதுதான். பலருக்குக் கடைசித் துப்பாக்கியும் அதுவே!

அதில் கொஞ்சம் பேருக்கு ஆசை அத்தோடு நிற்பதில்லை. கோயம்புத்தூரில் ரைபிள் கிளப் இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர்தான், ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும். அப்போது வரும் கேள்வி, முதல் நாள் எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுப்பது? சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் 'பெரிசா ஒண்ணு' என்பார்கள். ரேஞ்சில் இருக்கும் கோச் சிரித்துக்கொண்டே ஒரு ஏர் ரைபிளை நீட்டுவார். இவர்கள் முகம் வாடிவிடும். திருவிழாவில் சுட்ட அதே சாமான்தானே, இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்?

கோச் அதை நீட்டுவதற்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது.

1800-ஆம் ஆண்டு ஜூன் மாதம். விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் பாளையக்காரர்கள் கூட்டணி கோயம்புத்தூர் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டது. திட்டம் தோற்றுப் போனது, பிடிபட்டவர்களைக் கம்பெனி தூக்கிலிட்டது. தீரன் சின்னமலை அதற்குப் பிறகும் போராடி, 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். அந்தக் காலத்துப் பாளையக்காரர் படைகளிடம் வாள், வேல் மட்டுமல்ல, துப்பாக்கியும் இருந்தது. திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. ஆனால் அது 'ரைபிள்' இல்லை. குழாயின் உட்புறம் வழுவழுப்பாக இருந்தால் அது மஸ்கட் வகை. உட்புறத்தில் சுருள் சுருளாகக் காடி வெட்டியிருந்தால்தான் ரைபிள். அந்தக் காடி தோட்டாவைப் பம்பரம் போலச் சுழற்றி விடுவதால் அது நேராகப் போகிறது. திருவிழா ஏர் கன்னின் குழாயிலும் பெரும்பாலும் இந்தக் காடி உண்டு. அந்த வகையில் சின்னமலை காலத்துத் துப்பாக்கியை விட பலூன் கடைத் துப்பாக்கி தொழில்நுட்பத்தில் ஒரு படி மேல் என்றால் நம்புவீர்களா?

பாளையக்காரர்களை அடக்கியபின் கம்பெனி செய்த முதல் வேலைகளில் ஒன்று ஆயுதத்தைப் பிடுங்குவது. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகளை இடிக்கவும் உத்தரவானது. பொள்ளாச்சி பக்கத்து ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் எல்லாம் பாளையங்களாக இருந்து ஜமீன்களாக மாறியவை. படை போனது, வரி வசூல் மட்டும் மிஞ்சியது.

அடுத்த அடி 1878-இல் விழுந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்குத் தேவையில்லை. ஒரே ஊர், ஒரே காடு, ஒரே புலி, ஆனால் சட்டம் மட்டும் இரண்டு! 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. அகிம்சைக்குப் பெயர் போன காந்தியே 1918-இல் படைக்கு ஆள் சேர்த்தபோது எழுதிய துண்டுப்பிரசுரத்தில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கியதுதான் அவர் கோபம்.

இந்த வேறுபாட்டை ஆனைமலையில் கண்கூடாகப் பார்க்கலாம். 1890-களிலிருந்து வால்பாறை மேட்டில் காட்டை வெட்டி எஸ்டேட் போட்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டைக்கு ரைபிளோடு திரிந்தார்கள். தென்னிந்தியத் தோட்டத் துரைமார்களுக்கென்றே குதிரைப்படை போன்ற ஒரு தன்னார்வ ரைபிள் படையும் இருந்தது. குறி பார்த்துச் சுடுவது அவர்களுக்குக் கடமையும் பொழுதுபோக்கும். மலைக்குக் கீழே வெள்ளாமையைப் பன்றியிடமிருந்து காப்பாற்றப் பார்த்த விவசாயிக்கோ, மிஞ்சிப் போனால் லைசென்ஸ் வாங்கிய ஒரு நாட்டுத் துப்பாக்கி. மருந்தை வாய்வழியாகப் போட்டு இடித்து நிரப்பும் ரகம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் பயிர் பாதுகாப்புக்கு இந்த வாய்வழித் துப்பாக்கிக்குத் தனியாக இடம் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கையில் ரைபிளைப் பரவலாகக் கொண்டுவந்து கொடுத்தது என்.சி.சி.தான். 1948-இல் சட்டம் வந்தது, 1949-இல் பெண்கள் பிரிவும் வந்தது. தென்னந்தோப்புக்காரர் மகனும், சந்தையில் மூட்டை தூக்குபவர் மகனும் ஒரே தார்ப்பாயில் குப்புறப் படுத்து, 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்து ஐந்து தோட்டா சுடும் காட்சி 1878-க்காரர்கள் கனவிலும் நினைக்காதது. அவர்களுக்குக் கொடுத்தது .22 ரைபிள்.

ஏன் .22? அன்று ராணுவத்திலும் போலீஸிலும் இருந்தது .303 லீ என்ஃபீல்டு. அதையே கொடுத்திருக்கலாமே? இங்கேதான் கணக்கு வருகிறது. .303 தோட்டாவின் முனை ஏறத்தாழ 11 கிராம், வினாடிக்கு 740 மீட்டர் வேகம். ஆற்றல் 3000 ஜூலுக்கு மேல். .22 தோட்டாவின் முனை 2.6 கிராம்தான், ஆற்றல் சுமார் 140 ஜூல். போட்டி ஏர் ரைபிளின் ஈயக் குண்டு அரை கிராம், ஆற்றல் ஏழெட்டு ஜூல். அதாவது .303-இன் ஒரு தோட்டாவில் ஏர் ரைபிளின் 400 குண்டுகளின் ஆற்றல் அடங்கியிருக்கிறது.

முன்னால் போகும் ஆற்றலுக்கேற்ப பின்னால் தோளில் ஓர் இடி விழுமே, அதுதான் புதியவரைக் கெடுக்கிறது. வலி ஒரு நாளில் போய்விடும். பயம் போகாது. முதல் தோட்டாவில் தோளில் இடி வாங்கியவர் இரண்டாவது தோட்டாவுக்கு விசையைத் தொடும்போதே கண்ணை மூடிவிடுவார், தோளை முன்னால் தள்ளிவிடுவார். இது அவருக்கே தெரியாமல் நடக்கும். துப்பாக்கி வெடிக்கும் சத்தத்திலும் ஆட்டத்திலும் அந்தத் தவறு மறைந்துவிடுவதால் பக்கத்தில் இருக்கும் கோச்சுக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு தடவை உடம்பு கற்றுக்கொண்டுவிட்டால் மறக்கவைக்க மாதக்கணக்கில் ஆகும். கனமான ரைபிளில் தொடங்கினால் கற்றுக்கொள்வது குறி அல்ல, நடுக்கம். ஏர் ரைபிளில் இந்தப் பேச்சே இல்லை. அதில் தவறு செய்தால் மறைக்க இடி கிடையாது, அட்டை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும்.

சட்டமும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. .303, 7.62 போன்ற ராணுவ அளவுகள் தடை செய்யப்பட்ட வகை. பொதுமக்கள் லைசென்ஸில் வாங்குவதற்கென்று அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் .315 என்ற ஓர் அளவைத் தனியாகச் செய்தன, ராணுவத் தோட்டா அதில் நுழையாது! லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 21. ஒருவர் மூன்று துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1983-இல் திருத்தம் வந்தது, 2019-இல் அது இரண்டாகக் குறைந்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறிப்பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைபிளுக்கும் ஏர் ரைபிளுக்கும் இந்த உச்சவரம்பு பொருந்தாது. இரண்டையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். இது போக, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைபிளுக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறது 2016-ஆம் ஆண்டு விதி. ஆக, பொள்ளாச்சிப் பையனோ பெண்ணோ ரேஞ்சுக்குப் போகும் முன்பே தேர்வு நான்கிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த இரண்டில் .22 கொஞ்சம் கௌரவமாகத் தெரியும். வெடிக்கும், புகை வரும், காலித் தோட்டா எகிறி விழும். ஆனால் தோட்டாவுக்குக் கணக்கு எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு. ஏர் ரைபிள் குண்டு டப்பா டப்பாவாகக் கிடைக்கும். ஒரு மதிய நேரத்தில் நூறு குண்டு சுடலாம். கற்றுக்கொள்பவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம், சத்தம் அல்ல.

சரி, ஏர் ரைபிள் என்றால் பலூன் கடைத் துப்பாக்கிதானா? இல்லை. பலூன் கடையில் இருப்பது குழாயை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. (ஒரு காலத்தில் இந்தியாவில் இந்த வகை ஏர் ரைபிளுக்குப் பெயர் பெற்றது 'ஐ.எச்.பி.' தயாரித்தது யார் தெரியுமா? வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி. தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனிக்குத் துப்பாக்கிக் குழாய் மேல் ஏன் ஆசை வந்ததோ!) ஸ்பிரிங் விரியும்போது குண்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னுமாகக் குலுங்கும். அதனால்தான் எவ்வளவு குறி பார்த்தாலும் பலூன் தப்பிக்கிறது. "பீப்பாய் வளைஞ்சிருக்குங்ணா" என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் பாதி நேரம் அவரைத் தப்பாகத்தான் திட்டுகிறார்கள்.

போட்டி ஏர் ரைபிள் வேறு. சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றில் இயங்குவது, கிட்டத்தட்ட அசைவே இருக்காது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் என்று ஜெர்மனி கம்பெனிகள் இதில் பெரிய பெயர்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர், ஒரு குண்டூசித் தலையை விடச் சிறியது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம் வாங்கியது இந்தத் துப்பாக்கியில்தான். 2012-இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் பிறந்தது சென்னையில். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வென்றதும் இதில்தான். 'சின்னப் பசங்க சாமான்' என்று ஒதுக்கத் தேவையில்லை.

ரேஞ்சில் நாலைந்து ஏர் ரைபிள் இருக்கும். அதில் எதை எடுப்பது? கம்பெனி பெயரைப் பார்க்காமல் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் ஒரு சிறிய ஓட்டை செய்து, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் தொடக்கத்திலேயே கோச்சிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாரக்கணக்கில் குண்டு ஏன் ஒரு பக்கமாகவே போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தது கட்டையின் நீளம். தோளில் வைத்தால் கன்னம் தானாக வந்து கட்டையில் உட்கார வேண்டும், கழுத்தை நீட்டித் தேடக் கூடாது. அப்புறம் எடை. விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம், ஆனால் மெலிந்த உடம்புக்காரருக்கு முதல் நாள் அது பாரம். மேசையில் தாங்கு வைத்துச் சுடச் சொன்னால் வெட்கப்பட வேண்டியதில்லை.

முதல் பத்துக் குண்டு சுட்டதும் எல்லோரும் செய்வது, நடுவில் எத்தனை விழுந்தது என்று எண்ணுவது. கோச் அதைப் பார்க்கவே மாட்டார். பத்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது என்றுதான் பார்ப்பார். மூலையில் ஒரே இடத்தில் கும்பலாக விழுந்திருந்தால், "நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டு, சைட்டில் இருக்கும் சின்னத் திருகை இரண்டு சொடுக்குத் திருப்பி, அடுத்த அட்டையை மாட்டச் சொல்லுவார்.