402 மீட்டர்தான்... ஆனா இன்ஜின் பிளாக் ஏன் வெடிக்குது? டிராக் ரேஸ் பைக் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

டிராக் ரேஸ் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர் ஓட்டம். சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நொடிகளில் இன்ஜின் படும் பாடு, புதுக்கோட்டையில் இருந்து திருச்சிக்கு ஓட்டிப்போனாலும் வராது. முதலில் அடிவாங்குவது பிளாக்.

பிளாக் என்றால் என்ன?

காரில் சிலிண்டர்களும் கிராங்க் ஷாஃப்டும் உட்காரும் மொத்த வார்ப்பும் பிளாக். பைக் மெக்கானிக் கடையில் பிளாக் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பகுதி மட்டும். அதற்குள் நடக்கும் வேலைக்குப் பெயர் 'போர்'. நம்ம மாவட்டத்தில் போர் போடுவது என்றால் தண்ணீருக்கு. இங்கே, தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது.

1985-ல் வந்து 1996 வரை தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். 98 சிசி, போர் 50 மில்லிமீட்டர். அலுமினிய பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருப்பதால் தேயத் தேய ரீபோர் செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஸ்லீவின் சுவர் மெலிகிறது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 'இன்னும் ஒரு சைஸ் போகலாம்ணே' என்று இழுத்துக்கொண்டே போனால், மெலிந்த சுவர் சூட்டில் வளையும். ரிங் சரியாக ஒட்டாது, கம்ப்ரஷன் போய்விடும். புது ஸ்லீவ் இறக்குவதே சரி.

லேத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

தனியாகக் கழற்றி வைத்த பிளாக் ஒரு வடிவத்தில் இருக்கும். ஹெட்டை வைத்து போல்ட்டை முறுக்கியதும் சிலிண்டர் லேசாக நெளியும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதனால் ரேஸ் இன்ஜின் செய்பவர்கள், ஹெட்டுக்குப் பதிலாக ஒரு கனமான தட்டை அதே அளவு முறுக்கிவைத்துவிட்டுத்தான் போரிங், ஹோனிங் செய்வார்கள். இதற்கு டார்க் பிளேட் என்று பெயர். 'டார்க் பிளேட் இருக்காண்ணே?' என்று கேளுங்கள். இல்லை என்றால், இருக்கிற லேத்தைத் தேடிப் போவதில் தப்பில்லை.

உண்மையான எதிரி சூடு

பிளாக் உடைவதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் நாக்கிங். பெட்ரோல்-காற்றுக் கலவை சீராக எரியாமல், மீதிக் கலவை தானாக வெடிப்பது. சுத்தியலால் தட்டுவது போல் ஒரு சத்தம் வரும். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றிய பைக்குகளில் இது அதிகம். ஹெட் கேஸ்கட் ஊதும், பிஸ்டன் ஓட்டையாகும், சுவர் விரிசல் விடும்.

அடுத்தது, பெட்ரோல் குறைவான கலவை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் காற்று கூடி, சூடு ஏறும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதுவும் கலவையை அதே பக்கம்தான் தள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். அதுதான் சீஸ். முழு வேகத்தில் சீஸ் ஆனால் பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும். உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஓட்டுபவர் தூக்கி வீசப்படுவார். பிளாக் போனால் வாங்கிக்கொள்ளலாம், இது அப்படியில்லை.

ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால், தயவுசெய்து போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு உள்ளே படிந்து சூடு வெளியேறும் வழியை அடைத்துவிடும். கூலன்ட் மட்டும்தான்.

அமெரிக்காவில் தண்ணீரே இல்லை!

அங்கே டாப் ஃப்யூல் பிரிவு கார்களின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழியே கிடையாது. முழு அலுமினியக் கட்டியில் இருந்து கடைந்தெடுக்கிறார்கள். உள்ளே போகும் நைட்ரோமீத்தேன் எரிபொருள்தான் குளிர்ச்சியும் தருகிறது. திறன் 11,000 குதிரைசக்திக்கு மேல். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறார்கள். சாதாரண பிளாக் வைத்து ஓட்டும் டிராக் கார்களில், தண்ணீர் வழியில் சிமென்ட் போன்ற கலவையை ஊற்றிச் சுவரை இறுக்குவதும் உண்டு. ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு இந்த வேலை வேண்டாம், சூடு தாங்காது.

எங்கே ஓட்டலாம்?

ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளம். இப்போது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக். தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் அங்கே நடக்கின்றன. புதுக்கோட்டையில் இருந்து 350 கிலோமீட்டருக்கு மேல், தூரம்தான். அதற்காக பைபாஸில் இறங்கினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதீர்கள். பிஸ்டன் சீக்கிரம் விரியும், வெளிச்சுவர் தாமதமாகத்தான் விரியும். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காபித்தூள் நிறம் என்றால் சரி. கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து எழுதிவையுங்கள். போன ரவுண்டைவிட இறங்கியிருந்தால் அடுத்த ரவுண்டு வேண்டாம். சந்தேகம் வந்தால், விரிசலைக் காட்டும் சாயத்தைப் பூசிப் பார்க்கலாம், அலுமினியத்துக்கும் இது வேலை செய்யும். விரிசல் விட்ட பிளாக்கை வெல்டிங் வைத்து வீட்டு உபயோகத்துக்கு ஓட்டுபவர்கள் உண்டு. ரேஸுக்கு அதை மாட்டாதீர்கள்.